கேட்டலும் கேள்வியும்: சுகாதார ஊழியர்களுக்கான பொட்காஸ்ட்கள் பற்றிய ஒரு நோக்கு

விமர்சனம் என்றதும் கவிதைத் தொகுதி, சிறுகதைத் தொகுதி, நாவல் என்ற எல்லைக்குள்ளேயே நாம் நின்றுவிடுகிறோம். மொழியால் ஆகும் காரியங்கள் அதற்கு வெளியேயும் நிறைய நடக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. வைத்தியர்கள், தாதியர், மருத்துவமாதர் போன்ற சுகாதார ஊழியர்கள் தமது அறிவைப் புதுப்பித்துக்கொள்வதற்காகக் கேட்கும் கல்விப் பொட்காஸ்ட்களே அவை. காய்ச்சல், இருமல், இரத்த அழுத்தம், சீனி வருத்தம், முதுகு வலி, இரத்தசோகை என்று அன்றாடம் கிளினிக்குக்கு வருகிற நோய்களை அரை மணி, முக்கால் மணி நேரத்தில் பேசித் தெளிவுபடுத்தும் ஒலிப்பாடங்கள் இன்று ஏராளம். அவற்றின் மருத்துவ உள்ளடக்கத்தை மதிப்பிடுவது வைத்தியர்களின் வேலை. நான் தமிழ் ஆசிரியை. யார் பேசுகிறார், யாருடைய சொல்லில் பேசுகிறார், யார் பேசாமல் விடப்படுகிறார் என்பவை எனது பாடத்துக்குள் வரும் கேள்விகள்.

பொட்காஸ்ட் என்ற சொல் 2004ஆம் ஆண்டு 'கார்டியன்' பத்திரிகையில் பென் ஹமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் அச்சேறியது. சொல் புதிது, காரியம் பழையது. 1950களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் கலிபோர்னியா மருத்துவச் சங்கம் 'ஓடியோ டைஜெஸ்ட்' என்ற பெயரில் வைத்தியர்களுக்கு ஒலிநாடாப் பாடங்களை வெளியிடத் தொடங்கிவிட்டது. சஞ்சிகைகள் குவிகின்றன, வாசிக்க நேரமில்லை, சாரத்தையாவது காதால் கேட்கட்டும் என்பதே அன்றும் இன்றும் நோக்கம். நாடா போய் கசெட் வந்தது, கசெட் போய் கைத்தொலைபேசி வந்தது.

என்னிடம் சாதாரண தரம் வரை தமிழ் படித்த பிள்ளைகளில் இருவர் இன்று தாதியர், ஒருவர் மருத்துவமாது. மூவரும் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டப் பகுதிகளில் வேலை செய்கிறார்கள். "டீச்சர், பஸ்ஸில போற ஒன்றரை மணித்தியாலத்துல ரெண்டு பாடம் முடிஞ்சிரும்" என்று அவர்களில் ஒருத்தி சொன்னதன் பிறகே நான் இவற்றைக் கேட்கத் தொடங்கினேன். புரியாத மருத்துவச் சொற்களை அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர்கள் கேட்பவை எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. ஒன்றிரண்டு சிங்களத்தில். அவர்களது நோயாளிகளில் பெரும்பாலோர் பேசும் தமிழில் ஒன்றுகூட அவர்களிடம் இருக்கவில்லை.

மசலா என்ற வடிவம்

இந்தப் பாடங்களின் வடிவம் நமக்கு அந்நியமானதல்ல. கேட்பவர் ஒருவர், விடை சொல்பவர் ஒருவர். நமது இலக்கிய மரபில் இதற்கு மசலா என்று பெயர். நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களில் மிகப் பழையதாகக் கொள்ளப்படும் 'ஆயிர மசலா' 1572ஆம் ஆண்டுக்குரியது. வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய இந்நூலுக்கு 'அதிசய புராணம்' என்றும் பெயருண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் கேட்ட வினாக்களும் பெற்ற விடைகளுமாக அந்நூல் விரிகிறது. பின்வந்த 'நூறு மசலா'வும் வினாவிடையில் நடப்பதே. வீட்டில் ஒருவர் ஓத மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்ட நூல்கள் இவை. எழுத்தறியாத உம்மாமாரும் மார்க்க அறிவையும் கதையையும் காதால் பெற்ற வழி அதுதான்.

மசலாவில் விடை சொல்பவரின் தகுதி பற்றிக் கேள்விக்கே இடமில்லை. அதன் சுவையும் விறுவிறுப்பும் கேட்பவரிடம்தான் இருக்கின்றன. அவர் எதை அறிந்திருக்கிறார், எதைச் சோதிக்கிறார், எந்த விடையில் திருப்தியடைந்து அடுத்த வினாவுக்குப் போகிறார் என்பதே நூலை நடத்திச் செல்கிறது. ஒலிப்பாடங்களையும் இந்த அளவுகோலால் அளக்கலாம்.

அப்படி அளந்தால் அவற்றுள் நல்லவை உண்டு என்று தயங்காமல் சொல்வேன். அமெரிக்க உள்மருத்துவ நிபுணர்கள் சிலர் நடத்தும் 'கேர்ப்சைடர்ஸ்' ஓர் உதாரணம். நடத்துபவர்கள் தாமே வைத்தியர்கள். ஆனாலும் ஒரு துறை நிபுணரை அழைத்து வைத்து, தெரியாதவர்களாக நின்று கேட்கிறார்கள். 'காஷ்லாக் மெமோரியல்' என்றொரு கற்பனை ஆஸ்பத்திரியை உண்டாக்கி, அங்கே வந்த ஒரு கற்பனை நோயாளியை முன்வைத்து, முதலில் எதைக் கேட்பீர்கள், எந்தப் பரிசோதனை தேவையில்லை, எந்த மருந்தில் தொடங்குவீர்கள் என்று படிப்படியாக இறங்குகிறார்கள். நிபுணர் பெரிய பேச்சாகப் பேசினால் இடைமறித்து, நாளைக்கு என் கிளினிக்கில் நான் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். பிரித்தானியாவின் 'பீஎம்ஜே' சஞ்சிகை பொது வைத்தியர்களுக்காக நடத்திய 'டீப் பிரெத் இன்' தொடரும் இப்படித்தான், வைத்தியரைத் தடுமாற வைக்கும் அன்றாடச் சந்திப்புகளை எடுத்துப் பேசியது. பாடப்புத்தக நடை இவற்றில் இல்லை. கேள்வி இயல்பாக வருகிறது, விடை அளவாக வருகிறது. உரைநடை பழகும் மாணவர்களுக்கும் இவற்றைக் கேட்கச் சொல்லலாம்.

பேசாத நோயாளி

குறை வேறிடத்தில் இருக்கிறது. இத்தகைய பாடங்களில் நோயாளி அநேகமாக இப்படித்தான் அறிமுகமாவார்: ஐம்பத்தெட்டு வயதுப் பெண், மூன்று நாள் காய்ச்சல், தசை வலி, சிறுநீர் குறைவு. வரிசையாக, சுத்தமாக, வைத்தியரின் மொழியில். எந்த நோயாளியும் இப்படிப் பேசுவதில்லை. அந்தப் பெண் தன் வாயால் சொன்னது ஏதோ ஒன்று. அது 'தசை வலி' என்றும் 'சிறுநீர் குறைவு' என்றும் மாறிய பிறகே பாடம் தொடங்குகிறது. அந்த மாற்றம் ஒரு மொழிபெயர்ப்பு. அதை யார் செய்தார், எப்படிச் செய்தார், அதில் என்ன தவறிப் போகலாம் என்பதைப் பாடம் சொல்வதில்லை.

தமிழில் 'கேள்' என்ற ஒரே வினைக்கு இரண்டு பொருள். செவியால் கேட்பதும் கேட்டல், வினவுவதும் கேட்டல். திருக்குறளில் 'கேள்வி' என்ற அதிகாரம் செவிச் செல்வத்தைப் பற்றியது. இன்று கேள்வி என்றால் வினா. நன்னூலார் பாடம் கேட்கும் முறையைத் தனியாக வகுத்தார். நல்ல வைத்தியருக்கு இந்த இரண்டு கேட்டலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். நான் கேட்ட ஒலிப்பாடங்கள் நிபுணரிடம் வினவும் கேட்டலை நன்றாகப் பழக்குகின்றன. நோயாளியின் வாய்மொழியைச் செவிமடுக்கும் கேட்டலைப் பழக்குவதில்லை. நியூயோர்க்கிலோ லண்டனிலோ வைத்தியரும் நோயாளியும் பெரும்பாலும் ஒரே மொழிக்காரர் என்பதால் இந்தக் குறை அவர்களை அதிகம் உறுத்தாமல் இருக்கலாம். சப்ரகமுவவில் அது உறுத்தும்.

தோட்டத்துக் கிளினிக்கில்

சப்ரகமுவத் தோட்டங்கள் நுவரெலியாவைப் போல் தொடர்ச்சியான தேயிலை மலைகள் அல்ல. இறப்பரும் தேயிலையும் கலந்தவை. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைப் பக்கங்களில் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே லயங்கள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. கடைவீதியில் முஸ்லிம்கள் இருக்கிறோம். தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்ய வேண்டும் என்று 1912இலேயே சட்டம் இருந்தது. ஆனால் தோட்டத்து ஆஸ்பத்திரி நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே இருந்து வந்தது. அரசு அவற்றைப் பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கி இன்னும் முழுமை பெறவில்லை. அரசின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது 32 சதவீதம்.

இங்கே நோயாளி பேசுவது மலையகத் தமிழ். அல்லது எங்கள் முஸ்லிம் பேச்சு. எதிரே இருக்கும் ஊழியர் பெரும்பாலும் சிங்களம் பேசுபவர். அவர் கொப்பியில் எழுதுவது ஆங்கிலம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழியானது. பெயர்ப்பலகைகளில் அதைக் காணலாம். நோயாளி வாய் திறந்து சொல்வதை விளங்கிக்கொள்வதில் அது எந்தளவுக்கு வந்திருக்கிறது என்பது வேறு விடயம்.

மாணவிகள் மூவரும் நானும் ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து, அவர்கள் கேட்டிருக்கும் நோயாளிகளின் வாய்மொழிகளை எழுதினோம். சிலவற்றை இங்கே தருகிறேன். "சூடு புடிச்சிருக்கு" என்று ஒரு கொழுந்தெடுக்கும் பெண் சொன்னால் காய்ச்சல் என்று பொருளல்ல. சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது, கடுக்கிறது என்பதை அவள் மரியாதையாகச் சொல்கிறாள். சூடு என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வெப்பமானியை வைத்தால் காய்ச்சல் இராது, பெனடோலோடு திரும்பி வருவாள். மலையில் கழிப்பறை கிடையாது, அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்து அடக்கிக்கொள்கிறாள் என்பது அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கிற செய்தி. "முழுகாம இருக்கேன்" என்றால் கர்ப்பம், குளிக்கவில்லை என்பதல்ல. "கையி மதமதன்னு இருக்கு" என்றால் உணர்ச்சி மரத்துப் போகிறது. சீனி வருத்தக்காரர் சொன்னால் காலையும் பார்க்க வேண்டும். "கிறுகிறுன்னு வருது", "நெஞ்சு படபடங்குது", "ஏறுனா மூச்சு வாங்குது" என்று மூன்றும் ஒருத்தியிடமே வந்தால் இரத்தசோகையை நினைக்க வேண்டும். எங்கள் பெண்கள் "மேலுக்கு ஏலா" என்பார்கள். அது காய்ச்சலாகவும் இருக்கலாம், மாதவிடாயாகவும் இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். எது என்று அறிய இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். அந்த இன்னொரு கேள்வியை எந்தப் பாடமும் கற்பிக்கவில்லை.

இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது என்பதற்கு இரண்டு காய்ச்சல்களைச் சொல்கிறேன். முதலாவது எலிக்காய்ச்சல். சிங்களத்தில் 'மீ உண' என்பார்கள். இரத்தினபுரியும் கேகாலையும் இந்நோய் அதிகம் காணப்படும் மாவட்டங்கள். 2008ஆம் ஆண்டு நாடெங்கும் 7,000க்கும் மேற்பட்டோருக்கு இது வந்ததாகப் பதிவாகியது. எலி முதலான விலங்குகளின் சிறுநீர் கலந்த சேறும் தண்ணீரும் காலில் உள்ள வெடிப்பு, கீறல் வழியாகக் கிருமியை உள்ளே விடுகின்றன. வயலில் நின்றவர், மாணிக்கக் குழியில் இறங்கியவர், கான் வெட்டியவர் எல்லோரும் ஆபத்தில் இருப்பவர்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைதல் என்று போய், சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கலாம். தொழிலாளி இதைச் சொல்லும் விதம், "வேல வலிதான் டொக்டர் ஐயா, காலு கெண்ட இழுக்குது" என்பதாக இருக்கும். அவனுக்கு உடம்பு வலிப்பது தினசரி வழக்கம். ஆகவே "என்ன வேல செஞ்சீங்க? எந்தத் தண்ணியில நின்னீங்க? கால்ல காயம் இருக்கா?" என்ற மூன்று கேள்விகள்தான் இங்கே நோயைக் கண்டுபிடிக்கின்றன. நான் கேட்ட வெளிநாட்டுப் பாடங்களில் எலிக்காய்ச்சல் அநேகமாக உல்லாசப் பயணம் போய், ஆற்றில் படகோட்டித் திரும்பியவரின் நோய். அங்கே கேட்கச் சொல்லும் கேள்வி, அண்மையில் வெளிநாடு போனீர்களா என்பது. வயல் இறங்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் வாரமொருமுறை டொக்ஸிசைக்ளின் இலவசமாகக் கொடுக்கும் நம் நாட்டு ஏற்பாடு அப்பாடங்களில் வர நியாயமில்லை.

இரண்டாவது டெங்கு. 2017ஆம் ஆண்டு இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். டெங்கில் ஆபத்தான கட்டம் அநேகமாகக் காய்ச்சல் தணியும்போதுதான் தொடங்குகிறது. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது அப்போதுதான். நமது மொழியிலோ "காய்ச்சல் விட்டுருச்சு" என்றால் நோய் போய்விட்டது என்றே பொருள். விட்ட காய்ச்சலுக்கு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. அடுத்த நாள் பிரட்டுக்குப் போய்விடுவார்கள், சம்பளம் போகும் அல்லவா? "காய்ச்சல் விட்டப்புறம் ரெண்டு நாளைக்குத்தான் கவனமா இருக்கணும். வவுறு வலிச்சா, வாந்தி எடுத்தா, கைகால் சில்லிட்டா உடனே வந்துருங்க" என்று நேர்ப்பேச்சில் சொல்லத் தெரிந்த ஓர் ஊழியர் உயிரைக் காப்பாற்றுவார். எச்சரிக்கைக் குறிகளின் பட்டியலை ஆங்கிலத்தில் ஒப்புவிக்கத் தெரிந்தவருக்கு இந்த வாக்கியம் தானாக வந்துவிடாது.

குளவி கொட்டும் அப்படியே. தோட்டத்தில் இது அடிக்கடி நடக்கிற விபத்து, சிலவேளை உயிரும் போகிறது. ஒவ்வாமை பற்றிய பாடங்கள் நோயாளியின் கைப்பையில் அட்ரினலின் ஊசிப்பேனா இருக்கும் என்று எடுத்துக்கொண்டு பேசுகின்றன. கொழுந்துக் கூடையில் அப்படி ஒன்று கிடையாது. மலையிலிருந்து ஆளைத் தூக்கி வந்து, கிட்டிய ஆஸ்பத்திரியில் ஊசி போடும் வரைக்கும் என்ன செய்வது என்பதே நமது பாடமாக இருக்க வேண்டும். இரத்தசோகைப் பாடமும் இப்படியே. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. காலையில் சாயத்தண்ணி இல்லாமல் எதுவும் தொண்டையில் இறங்காத பெண்ணிடம், "மாத்திரைய ராவைக்குப் பச்சத்தண்ணியில போடுங்க, தேத்தண்ணிய ஒரு மணி நேரம் கழிச்சிக் குடிங்க" என்று சொல்வது எளிது. யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

நோன்பும் சீனி வருத்தமும்

நமது சமூகத்தை நேரடியாகத் தொடும் ஓர் இடத்தில் இந்த மொழிப் பிரச்சினை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. நோன்பு நோற்கும் நீரிழிவு நோயாளர் பற்றி ஒலிப்பாடங்கள் பல வந்துள்ளன, வரவேற்கத்தக்கது. 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளரிடம் 2001ஆம் ஆண்டு நடந்த 'எபிடியார்' ஆய்வு, இரண்டாம் வகை நீரிழிவுள்ளவர்களில் 79 சதவீதமானோர் ரமழானில் குறைந்தது 15 நாட்களாவது நோன்பு நோற்றதாகக் காட்டியது. நோற்காதீர்கள் என்று ஒற்றை வார்த்தையில் சொல்லி அனுப்புவது பலனளிக்காது என்பதை மருத்துவ உலகம் இதிலிருந்து கற்றுக்கொண்டது. பின்னர் 2016இலும் 2021இலும் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனமும் ரமழான் நீரிழிவுக் கூட்டமைப்பும் வழிகாட்டல்களை வெளியிட்டன. யாருக்கு ஆபத்து அதிகம், மருந்தின் அளவையும் நேரத்தையும் எப்படி மாற்றுவது என்பவை அதிலுண்டு. விரல் நுனியில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதும், சீனி 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதும் உண்டு.

இனி மொழிக்கு வருவோம். ஆங்கிலத்தில் அந்தியில் பேரீச்சம்பழம் உண்டு நோன்பை நிறைவு செய்வதற்கும், நடுப்பகலில் இயலாமையால் நோன்பை விடுவதற்கும் ஒரே சொற்றொடரைத்தான் சொல்கிறார்கள். தமிழில் நாம் அப்படிச் சொல்வதில்லை. அந்தியில் செய்வது நோன்பு துறத்தல். இடையில் செய்வது நோன்பை முறித்தல். முதலாவது மகிழ்ச்சியான சொல். இரண்டாவது சொல்லும்போதே நெஞ்சில் தைக்கும் சொல். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு ஒரு கிளினிக்கில், ஆங்கிலப் பாடத்தில் இருந்ததை அப்படியே பெயர்த்து, "நோன்பை முறிக்கும்போது இந்த மாத்திரையைப் போடுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். சொன்னவர் கருதியது மஃரிப் நேரத்தை. பெரியவர் விளங்கிக்கொண்டது வேறு. "மாத்திரைக்காக நோன்ப முறிக்கிறதா? அல்லாஹ் காப்பாத்தணும், எனக்கு மாத்திரையே வேணாம்" என்று ரமழான் முழுவதும் மருந்தை நிறுத்திவிட்டார். மறுபக்கம், உண்மையிலேயே சீனி இறங்கி வியர்த்து நடுங்குகிறவரிடம் 'முறி' என்ற சொல்லைச் சொன்னால் அவர் அஸரிலிருந்து மஃரிப் வரை பொறுத்துப் பார்ப்பார். "வாப்பா, இந்த நெலமையில நோன்ப விட மார்க்கமே சலுகை தந்தீக்கி, பொறகு களாச் செய்யலாம், இப்ப இந்தச் சீனித்தண்ணியக் குடிங்க" என்று சொன்னால் குடிப்பார். 'முறி', 'துற', 'விடு', 'களா' என்ற நான்கு சொற்களின் வேறுபாட்டை ஒரு சிங்களத் தாதிக்கோ யாழ்ப்பாணத்து வைத்தியருக்கோ கற்பிக்க ஐந்து நிமிட ஒலிப்பாடம் போதும். அதை நம்மைத் தவிர வேறு யார் செய்வார்கள்?

கிறீன் வைத்தியரின் பாடம்

தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியுமா என்ற கேள்விக்கு நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த வருடம் மானிப்பாயில் மருத்துவப் பணியை நிலைப்படுத்தினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். அப்படிக் கற்றவர்கள் கிராமங்களில் தங்கவில்லை. உத்தியோகம் தேடிப் போனார்கள். 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தீர்மானித்தார். இரு மொழியிலுமாக 60க்கும் மேற்பட்டோரைப் பயிற்றினார். 'பிரசவ வைத்தியம்' 1857இலும், 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வெளிவந்தன.

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு விடயங்களை எடுத்துக்கொள்ளலாம். எந்த மொழியில் கற்கிறாரோ அந்த மொழிக்காரருக்கே ஊழியர் பயன்படுவார் என்பதைக் கிறீன் நடைமுறையில் கண்டார். அதே வேளை அவர் ஆக்கிய கலைச்சொற்களில் பல வடமொழி வழியாக வந்தவை. 'அங்காதிபாதம்', 'சுகரணவாதம்' என்பன மாணவருக்குப் பயன்பட்டன, நூலுக்கு மதிப்புத் தந்தன. கட்டிலில் கிடந்தவரின் வாய்க்கு அவை வரவில்லை. தமிழில் செய்வது வேறு, நோயாளியின் தமிழில் செய்வது வேறு. நாளைக்கு நமது நாட்டில் யாராவது மருத்துவ ஒலிப்பாடங்களைத் தமிழில் செய்ய முன்வந்தால், கலைச்சொல் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு 'குருதிச் சோகை', 'சிறுநீர்வழித் தொற்று' என்று வாசித்துவிட்டுப் போகும் ஆபத்து உண்டு. அந்தத் தமிழும் லயத்துக்கு இன்னோர் அந்நிய மொழிதான்.

வேண்டுவது என்ன?

தோட்டப் பகுதி ஊழியர் பெரும்பாலும் சிங்களவர், தமிழில் பாடம் செய்தால் யார் கேட்பது என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பாடத்தின் விளக்கம் சிங்களத்தில் இருக்கட்டும், ஆங்கிலத்திலும் இருக்கட்டும். நோயாளியின் குரல் மட்டும் தமிழில் இருக்க வேண்டும் என்பதே எனது கோரிக்கை. ஒரு தொழிலாளி தன் பேச்சில் இரண்டு நிமிடம் தன் வருத்தத்தைச் சொல்ல வேண்டும், தேவையானால் ஒருவர் நடித்துப் பேசலாம். அதன் பிறகு வைத்தியர் அதை எடுத்து, இந்தச் சொல்லுக்கு இது பொருள், இதற்கு அடுத்து இதைக் கேளுங்கள், இப்படித் தமிழில் கேளுங்கள் என்று விளக்க வேண்டும். உள்ளூர் மொழியில் அறிவைக் கொண்டுபோன முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, 1999 முதல் இணையத்தில் தேடியவற்றை நேயர்களின் கேள்விக்கேற்ப அவர்கள் மொழியில் ஒலிபரப்பில் விளக்கியது. கேள்வி ஊரிலிருந்து வந்தது, விடை வெளியிலிருந்து வந்தது.

இரண்டாவதாக, கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கும் வழி வேண்டும். ஹதீஸ் கலையில் ஆசிரியர் சொல்ல மாணவர் செவிமடுப்பது ஒரு முறை. மாணவர் வாசிக்க ஆசிரியர் கேட்டுத் திருத்துவது இன்னொரு முறை. நமது முன்னோர் இரண்டையும் வைத்திருந்தார்கள். பொட்காஸ்டில் முதலாவது மட்டுமே இருக்கிறது. ஒரு தாதி விளங்கிக்கொண்டது சரியா என்று பார்க்க ஆளில்லை. மாதமொருமுறை சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கூடும்போது ஒரு பாடத்தை எல்லோரும் கேட்டு, ஒருவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தாலே போதும்.

மூன்றாவதாக, திகதி வேண்டும். புத்தகத்துக்குப் பதிப்பு ஆண்டு உண்டு. வட்ஸ்அப்பில் வரும் ஒலிக்கோப்புக்கு முகமும் கிடையாது, வயதும் கிடையாது. வழிகாட்டல் மாறிய பிறகும் பழைய பாடம் கைக்குக் கை போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் பேசுபவர் யார், எந்த மாதம் பேசினார், யார் சரிபார்த்தார் என்று குரலிலேயே சொல்லப்பட வேண்டும். யாருடைய பணத்தில் செய்யப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மருந்துக் கம்பனியின் பணத்தில் செய்யப்பட்ட பாடத்தை அதற்குரிய எச்சரிக்கையோடு கேட்கலாம்.

இந்த வேலையில் தமிழ் ஆசிரியர்களுக்குப் பங்குண்டு. நோயை நாம் கற்பிக்க முடியாது. நோயாளியின் சொல்லைச் சேகரிக்க முடியும். உயர்தரத்தில் தமிழ் படிக்கும் பிள்ளைகளிடம் வட்டார வழக்குச் சொற்களைச் சேகரிக்கச் சொல்லும்போது, உம்மம்மாவிடமும் அம்மாயியிடமும் நோய், வலி, பிரசவம், பிள்ளை வளர்ப்பு பற்றிய சொற்களைக் கேட்டு எழுதச் சொல்வோம். முஸ்லிம் வீட்டுச் சொல்லும் லயத்துச் சொல்லும் பக்கம் பக்கமாக வரட்டும். ஒவ்வொன்றுக்கும் நேரே, சொன்னவர் கருதியது என்ன என்பதும், அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி என்ன என்பதும் எழுதப்படட்டும். வைத்தியர் ஒருவர் அதைச் சரிபார்க்கட்டும். நாங்கள் நால்வரும் அந்த விடுமுறை நாளில் எழுதியவை 63 வாய்மொழிகள். நூறு சேர்ந்ததும் முதலில் அந்த மூன்று மாணவிகளின் வேலைத்தலங்களுக்கும், பிறகு இச்சஞ்சிகைக்கும் அனுப்ப எண்ணியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். மாவனல்லை, பலாங்கொடை, இரத்தினபுரி வாசகர்கள் தத்தம் ஊர்ச் சொற்களையும் சேர்த்துத் தந்தால் பட்டியல் விரைவில் நிறையும்.